பஞ்சபுராணம்: ஐந்து பாடல்களில் இறைவனை அணுகும் வழி

சிவமயம்



ஆலயத்தில் மூலமூர்த்திக்குத் தீபாராதனை நிறைவேறியதும் குருக்கள் ஐயா ஓதுவோரை அழைப்பார். அடியார் ஒருவர் முன்வந்து, 'திருச்சிற்றம்பலம்' என்று தொடங்கிப் பஞ்சபுராணம் ஓதுவார். ஐந்தே பாடல்கள். அதன்பின் வாழ்த்து, விபூதி, தீர்த்தம், பிரசாதம். இந்த ஒழுங்கு எம் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று.

அந்தச் சில நிமிடங்களில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதே இம்மாதப் பாடத்தின் பொருள். உடல் சந்நிதியில் நிற்கிறது. மனமோ கார் நிறுத்திய இடத்திலும், இரவு வேலைக்குப் புறப்பட வேண்டிய நேரத்திலும், ஊரிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தியிலும் அலைந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் பாடல் எப்போது முடியும் என்று பெற்றோரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. விளங்காத ஒன்றை அமைதியாக நின்று கேட்பதே அவர்கள் காட்டும் மரியாதை. அதை விளக்கி வைப்பது பெரியோரின் கடமை.

இறைவனை நெருங்குவதற்கு வேதாகமங்களும், சித்தாந்த சாத்திரங்களும், தீட்சையும், யோகமும் வழிகளாக உள்ளன. அவற்றையெல்லாம் எல்லோராலும் உடனே பற்றிக்கொள்ள முடியாது. ஆனால் வாரந்தோறும் எமது காதில் விழும் இந்த ஐந்து பாடல்கள் எவருக்கும் எட்டக்கூடியவை. இவற்றைப் படியாகக் கொண்டு எவ்வாறு ஏறலாம் என்று சிந்திப்போம்.

பெயரும் முறையும்

பஞ்சபுராணம் என்ற பெயரைக் கேட்டு, ஐந்து புராணங்கள் என்று சிலர் எண்ணுவதுண்டு. உண்மையில் இவற்றுள் புராணம் ஒன்றே. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடல் ஓதுவதையே ஈழத்துச் சைவர்கள் இப்பெயரால் வழங்கி வருகிறார்கள். முருகன் ஆலயங்களிலும் வேறு பல ஆலயங்களிலும் இறுதியில் திருப்புகழும் சேர்த்துக்கொள்ளப்படுகிறது.

சைவத் திருமுறைகள் பன்னிரண்டு. முதல் மூன்றும் திருஞானசம்பந்தர் பாடியவை. நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை திருநாவுக்கரசர் அருளியவை. ஏழாவது சுந்தரருடையது. இந்த ஏழுமே தேவாரம். எட்டாம் திருமுறை மாணிக்கவாசகரின் திருவாசகமும் திருக்கோவையாரும் ஆகும். திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் ஒன்பதாம் திருமுறை. இதனைப் பாடியோர் ஒன்பதின்மர். பத்தாவது திருமூலரின் திருமந்திரம். பதினோராவது பலர் பாடிய பிரபந்தங்களின் தொகுப்பு. பன்னிரண்டாவது, 12 ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணம். ஆகவே பஞ்சபுராணம் ஓதும்போது நாம் முதலாம் திருமுறைப் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் திருமுறை வரை நடந்து முடிக்கிறோம்.

சிதம்பரத்திலே பூட்டிய அறையொன்றில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை இராசராச சோழன் நம்பியாண்டார் நம்பியின் துணையோடு மீட்டான் என்பது மரபு. தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பேரையும், அவர்களுடன் வாத்தியம் வாசிப்பதற்கு இருவரையும் அம்மன்னன் நியமித்து, நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று குறுணி நெல் வழங்கியதைக் கோயிற் கல்வெட்டு கூறுகிறது. ஓதுவதை ஒரு பெரும்பணியாக மதித்தமையால் அன்றோ இவ்வாறு ஏற்பாடு செய்தார்கள்! ஆயிரம் ஆண்டுகளின்பின் அந்தப் பணி எமது கையில் வந்திருக்கிறது. இங்கே நெல் அளப்பார் எவருமில்லை. ஓதுவதற்கு ஆள் தேவை என்பது மட்டும் மாறவில்லை.

கடல் கடந்த பாடல்

'ஊர்க் கோயிலில் நின்றால் வருகின்ற பக்தி இங்கே வருவதில்லை' என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த ஏக்கம் உண்மையானது. அதற்கு ஒரு மருந்தும் திருமுறையிலேயே இருக்கிறது.

ஈழநாட்டில் தேவாரம் பெற்ற தலங்கள் இரண்டு: திருக்கோணமலையும் திருக்கேதீச்சரமும். திருஞானசம்பந்தர் இரண்டு தலங்களையும் பாடினார். சுந்தரர் திருக்கேதீச்சரத்தைப் பாடினார். இவர்கள் கப்பலேறி ஈழத்துக்கு வந்ததாகப் பெரியபுராணம் கூறவில்லை. இராமேசுவரத்தில் நின்று, கடலுக்கு அப்பால் இருக்கும் பெருமானை நினைந்து, அங்கிருந்தே வணங்கிப் பாடினார்கள் என்று கூறுகிறது. கண்ணுக்கு எட்டாத கோயிலை நெஞ்சினால் கண்டார்கள். இடையிலிருந்த கடல் அவர்களுக்குத் தடையாகவில்லை.

பின்னர் 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் திருக்கோணமலைக் கோயிலை இடித்தார்கள். கல்லும் தூணும் கடலில் விழுந்தன. ஆனால் சம்பந்தப் பெருமானின் பதிகம் விழவில்லை. கோயில் இல்லாதிருந்த காலத்திலும் பதிகம் ஓதப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டிலே கோயில் மீண்டும் எழுந்தபோது, அதன் பெருமைக்குச் சான்றாகப் பதிகம் காத்திருந்தது.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? எமது மக்களில் பலர் கையில் ஒரு பையோடு வீட்டைவிட்டு வெளியேறியவர்கள். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் செம்மணி வழியே நடந்தபோது, சுவாமி அறையைத் தூக்கிக்கொண்டு போக எவராலும் முடியவில்லை. மனப்பாடமாக இருந்த தேவாரத்தை மட்டும் எவரும் விட்டுவிட்டு வரவேண்டியிருக்கவில்லை. ஆகையால் கனடாவில் வாழும் நாமும், இராமேசுவரக் கரையில் நின்ற சம்பந்தரைப் போலவே, தூரத்திலிருந்து அணுகுகின்றவர்கள் என்று கொள்ளலாம்.

ஏறவேண்டிய நான்கு படிகள்

ஞானத்துக்கு நான்கு படிகளைச் சைவ சித்தாந்தம் வகுத்துள்ளது: கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல். இவை ஞானியருக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டு இந்த நான்கையும் பழகலாம்.

1. கேட்டல்

எமது ஊர்க் கோயில்களில் புராண படனம் என்றொரு வழக்கம் உண்டு. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அருகிலிருக்கும் மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்கள் கொண்டது. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார் அந்தப் பெருநூலைக் காதினாலேயே கற்றார்கள். சூரபன்மனின் வரலாறும் தக்கனின் செருக்கும் அவர்கள் வாயில் அன்றாடப் பேச்சாக வந்தன. யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் அழைத்தது இதனாலேயே.

வாசிப்பவரும் பயன் சொல்பவரும் சேர்ந்திருந்த அந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. பாட்டின் ஓசை முதலில் மனத்தை இளக்குகிறது. பொருள் அந்த இளகிய மனத்தில் பதிகிறது. இன்று எமக்கு வாசிப்பு மட்டும் எஞ்சி, பயன் சொல்லுதல் குறைந்துவிட்டது. ஆகவே கேட்டல் என்பதற்கு, பாடல் ஓதப்படும்போது வேறெதுவும் செய்யாமல் நின்று கேட்பது முதற்படி. வீட்டுக்கு வந்தபின் அதன் பயனை ஒருவர் சொல்லக் கேட்பது இரண்டாம்படி.

இங்கே கர்நாடக சங்கீதம் பயிலும் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. தேவாரத்தின் நட்டபாடைப் பண்ணை ஓதுவார்கள் கம்பீரநாட்டையிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும் பாடுகிறார்கள். வகுப்பிற் கற்ற இராகம் கோயிலில் ஒலிக்கும்போது அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து கேட்கும். அந்த ஆர்வத்தை நழுவ விடாதீர்கள்.

2. சிந்தித்தல்

பாடிய அருளாளரின் வாழ்வோடு பாடலைச் சேர்த்துப் பார்ப்பது சிந்தித்தலுக்கு எளிய வழி. திருநாவுக்கரசரை எடுத்துக்கொள்வோம். திருவாமூரிலே மருள்நீக்கியாராகப் பிறந்தார். இளமையிலே தாய் தந்தையரை இழந்தார். சமண சமயத்தைச் சார்ந்து தருமசேனர் என்ற பெயரோடு வாழ்ந்தார். அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்து, தம்பிக்காக இறைவனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். சூலைநோய் வந்து வாட்டியபோது தம்பி தமக்கையிடமே திரும்பி வந்தார். திலகவதியார் அவருக்குத் திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அங்கேதான் முதற் பதிகம் பிறந்தது.

இந்த வரலாற்றிலே திலகவதியார் தம்பியைத் திட்டியதாக எங்கும் இல்லை. வாதம் செய்ததாகவும் இல்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தமது தொண்டைச் செய்துகொண்டிருந்தார். கோயிலுக்கு வர மறுக்கும் வளர்ந்த பிள்ளைகளை எண்ணிக் கவலைப்படும் பெற்றோர்களே, இதனைச் சிந்தியுங்கள். பிள்ளை திரும்பி வரும் நாளில் வாசலில் நிற்க யாராவது இருக்கிறோமா என்பதே எமது கேள்வியாக இருக்கட்டும்.

அதே நாவுக்கரசரைக் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் இட்டபோது அவர் நமச்சிவாயப் பதிகத்தைப் பாடிக் கரையேறினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. கடலிலே தத்தளித்தவர்களுக்கும், பதுங்குகுழிக்குள் இருந்து குண்டுச் சத்தத்துக்கிடையே ஐந்தெழுத்தை ஓதியவர்களுக்கும் அந்தப் பதிகத்தின் பொருளை வேறு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களிடம் நாம் கேட்டறிய வேண்டும்.

3. தெளிதல்

சந்தேகத்தைக் கேட்டுத் தீர்த்துக்கொள்வது தெளிதல். 'சுவாமி காரியத்தில் கேள்வி கேட்கக்கூடாது' என்று பிள்ளைகளை அடக்குவது எமது மரபன்று. நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள் (1822 - 1879) சைவ சமயத்தைச் சிறுவருக்குக் கற்பிக்க எழுதிய நூலுக்குச் சைவ வினாவிடை என்றே பெயரிட்டார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெரியபுராணத்தைச் சாதாரண மக்களும் விளங்கிக்கொள்ளும்படி வசனத்தில் எழுதி அச்சிட்டார். பொருள் விளங்காமல் பக்தி நிலைக்காது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

இங்கே பிறந்த பிள்ளைகள் திருமுறையை ஆங்கில எழுத்திலே எழுதிவைத்துப் பாடுகிறார்கள். அதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எழுத்து எதுவானாலும் நாவில் தமிழ் வருகிறதே என்று நாம் மகிழவேண்டும். ஆயினும் ஆங்கில எழுத்து ல, ள, ழ என்பவற்றையும் ந, ன, ண என்பவற்றையும் பிரித்துக் காட்டாது. ஆகையால் எழுத்தை மட்டும் நம்பாமல், பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுக்க, பிள்ளை திருப்பிச் சொல்லிப் பழகுவது அவசியம். திருமுறை வந்த வழியும் அதுவே. பொருளைப் பிள்ளைக்குத் தெரிந்த மொழியிலேயே சொல்லலாம். திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900 ஆம் ஆண்டு வெளியிட்ட ஜி.யு. போப் அவர்கள் கிறிஸ்தவப் பாதிரியார். அப்போது அவருக்கு வயது 80. வேற்றுச் சமயத்தவரான முதியவர் ஒருவர் இத்தனை உழைத்திருக்க, நாம் ஒரு பாடலின் பொருளை எமது பிள்ளைக்குச் சொல்ல நேரமில்லை என்று சொல்வது தகுமா? இம்மலரின் ஆங்கிலப் பக்கத்தை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

4. நிட்டை கூடல்

கற்ற பாடல் எம்மோடு தங்கிவிடுவதே இந்தப் படி. பஸ்சுக்குக் காத்திருக்கும்போதும், வைத்தியசாலையில் முடிவுக்குக் காத்திருக்கும்போதும், நித்திரை வராத இரவிலும் அது தானாக எழும். அப்போது நாம் பாடலைத் தேடிப் போவதில்லை. பாடல் எம்மைத் தேடி வருகிறது. சிவபுராணத்தின் நிறைவில் மணிவாசகப் பெருமான் பொருளை உணர்ந்து ஓதுவோரின் பேற்றைச் சொல்லி முடிப்பது இந்த நிலையைக் குறித்தே.

ஐந்து பாடல்களும் ஒரு பாதை

பஞ்சபுராணத்தின் வரிசையையே ஒரு பாதையாகக் கொண்டு பார்க்கலாம்.

தேவாரம் தலங்களைப் பாடுகிறது. இறைவன் இந்த ஊரில், இந்த மலையில், இந்த ஆற்றங்கரையில் இருக்கிறான் என்று வெளியே காட்டுகிறது. திருவாசகம் எம்மை உள்ளே அழைத்துச் செல்கிறது. தன் குறையை ஒளிக்காமல் அழுது கேட்கும் நெஞ்சத்தை அங்கே காண்கிறோம். திருவிசைப்பாவில் துறவியரோடு கண்டராதித்தர் என்ற சோழ அரசரும் நின்று பாடுகிறார். சந்நிதியில் அரசனுக்கும் அடியவனுக்கும் ஒரே இடம் என்பதை அது நினைவூட்டுகிறது.

திருப்பல்லாண்டு சேந்தனார் பாடியது. தில்லையிலே ஓடாது நின்ற தேர் இவர் பல்லாண்டு பாடியதும் ஓடியது என்பது மரபு. நாம் கோயிலுக்கு வரும்போது பெரும்பாலும் ஒரு விண்ணப்பத்தோடு வருகிறோம்: குடிவரவுப் பத்திரம், பிள்ளையின் சோதனை, ஒருவரின் சுகவீனம். அதில் தவறேதும் இல்லை. வேறு யாரிடம் கேட்பது? ஆனால் பல்லாண்டு பாடும் அந்த ஒரு நிமிடத்தில் எதையும் கேட்பதில்லை. இறைவன் வாழவேண்டும் என்று நாம் வாழ்த்துகிறோம். குழந்தையை வாழ்த்தும் தாயின் அன்பு அது. கேட்பதை நிறுத்தி வாழ்த்தத் தொடங்கும்போது நெருக்கம் பிறக்கிறது.

இறுதியில் வரும் பெரியபுராணம் இறைவனிடமிருந்து அடியார்களிடம் எம்மைத் திருப்புகிறது. மழை இரவில் பசியோடு வந்த அடியாருக்குக் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லாதபோது, அன்று பகல் விதைத்த நெல்லை வயலுக்குப் போய் அரித்தெடுத்து வந்தார் இளையான்குடி மாறனார். விறகு இல்லாதபோது கூரை மரத்தை வெட்டிக் கொடுத்தார். அவருடைய மனைவியார் அதைக்கொண்டு அமுது சமைத்தார். இந்தப் பாடல் முடிந்ததும் நாம் கண்ணைத் திறந்து பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கவேண்டும். அண்மையில் வந்து சேர்ந்தவர், துணையை இழந்த முதியவர், பிரசாத வரிசையின் கடைசியில் தனியே நிற்பவர். அவர்களிடம் போய் 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்காமல் வீடு திரும்பினால், பஞ்சபுராணத்தின் ஐந்தாம் பகுதியை நாம் கேட்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

ஏன் இப்போதே தொடங்கவேண்டும்?

ஒரு செய்தியை மறைக்காமல் பேசுவோம். எமது மரணச் சடங்கிலே சுண்ணம் இடிக்கும்போது திருப்பொற்சுண்ணம் படிப்பது வழக்கம். இருபது பாடல்கள். இறைவனின் திருமஞ்சனத்துக்குப் பொடி இடிக்கும் பெண்களின் மகிழ்ச்சிப் பாட்டு அது. அதனை எமது முன்னோர் இறுதி வேளைக்கு வைத்தார்கள். துயரம் நிறைந்த வீட்டிலே, 'இவ்வுடலும் இறைவனுக்குரிய சுண்ணமே' என்று ஆறுதல் சொல்வது போல அது அமைந்திருக்கிறது.

ஊரிலே அயலவர் பத்துப்பேர் சேர்ந்து படித்தார்கள். இங்கே மலர்ச்சாலையில் குறித்த நேரத்துக்குள் எல்லாம் முடியவேண்டும். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருவரே, அவர்களும் முதியவர்கள். அவர்கள் வர முடியாத நாளில் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு வைக்கிறார்கள். ஒலிப்பதிவில் குரல் இனிமையாகவே இருக்கும். ஆனால் அந்தக் குரலுக்கு இறந்தவரைத் தெரியாது. பேரப்பிள்ளை தடுமாறிப் படித்தாலும், அது அப்பம்மாவின் மடியிலிருந்து கேட்ட பாட்டை அவருக்கே திருப்பிக் கொடுப்பதாகும். எமது தலைமுறையோடு அந்தக் குரல் நின்றுவிடுமா, தொடருமா என்பது நாம் இன்று செய்வதைப் பொறுத்தது.

வீட்டிற் செய்யக்கூடியவை

முதலாவது, மாதம் ஒரு பாடலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதத்தில் ஒரு பஞ்சபுராணம் குடும்பத்துக்கே சொந்தமாகிவிடும்.

இரண்டாவது, முதல் வாரம் கேளுங்கள். இரண்டாம் வாரம் பாடியவரின் வரலாற்றைப் பேசுங்கள். மூன்றாம் வாரம் சொற்பொருளைக் கேட்டுத் தெளியுங்கள். நான்காம் வாரம் புத்தகம் இல்லாமல் சுவாமி அறையில் சேர்ந்து ஓதுங்கள். பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது, தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் அவர்களே ஆசிரியராக இருக்கட்டும். பிள்ளைகள் அவர்களிடம் கற்கும்போது இரு பக்கத்துத் தனிமையும் நீங்கும்.

நான்காவது, காலை ஏழு மணிக்கும் இருள் விலகாத இந்நாட்டு மார்கழியில், திருவாதிரைக்கு முன்வரும் பத்து நாளும் திருவெம்பாவை ஓதுங்கள். இருபது பாடல்கள் கொண்ட அது தோழியரைத் துயிலெழுப்பும் பாங்கிலே தொடங்குகிறது. நித்திரையில் இருக்கும் எம் பிள்ளைகளை எழுப்ப அதைவிட இனிய குரல் எது?

சிந்தனைக்குச் சில வினாக்கள்

வினா: பஞ்சபுராணத்தில் அடங்கும் பாடல்கள் எவை?
விடை: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம்.

வினா: தொடங்கும்போதும் முடிக்கும்போதும் 'திருச்சிற்றம்பலம்' என்று சொல்வது ஏன்?
விடை: சிற்றம்பலமாகிய தில்லையை நினைந்து, ஓதுவதை இறைவன் சந்நிதியில் ஒப்படைப்பதற்காக.

வினா: பொருள் தெரியாமல் ஓதினால் பயனில்லையா?
விடை: பயனுண்டு. ஆனால் அது வாசலில் நிற்பது போன்றது. பொருளுணர்ந்து ஓதுவது உள்ளே செல்வது.

வினா: குரல்வளம் இல்லாதவர் ஓதலாமா?
விடை: ஓதலாம். இறைவன் கேட்பது அன்பை. எல்லோரும் சேர்ந்து ஓதும்போது ஒருவர் குறையை மற்றவர் குரல் மூடும்.

வினா: இறைவனை நெருங்கிவிட்டோம் என்பதை எப்படி அறிவது?
விடை: பக்கத்தில் நிற்கும் அடியாரின் பசியும் துயரும் எமக்குத் தெரியத் தொடங்குவதைக்கொண்டு.

அடியார்களே, அடுத்த வெள்ளிக்கிழமை பஞ்சபுராணம் ஓதப்படும்போது ஒரு பாடலையாவது முழு மனத்தோடு கேட்போம். வீட்டுக்கு வந்து அதன் பொருளைப் பிள்ளையோடு பேசுவோம். மற்றதை எம்பெருமான் பார்த்துக்கொள்வான்.

திருச்சிற்றம்பலம்